கதவைப் பார்த்துக் கீலை வாங்குங்கள்!

சத்தமில்லாமல் சாத்தும் அலமாரிக் கதவு: எல்லைப் பகுதி வீடுகளுக்கு எது பொருந்தும்?

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து வருகிறவர்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் பக்கத்து வீட்டில் காலைச் சமையல் தொடங்கும். மூணாறு, பீர்மேடு பகுதித் தோட்ட லயங்களிலோ ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அந்தச் சுவரில் பொருத்திய அலமாரியின் கதவு "டமார்" என்று சாத்தினால் இரண்டு வீட்டிலும் தூக்கம் கெடும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை அழும். கதவிடுக்கில் சின்ன விரல் நசுங்குவதும் உண்டு.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டும் கீல்கள் கடைகளில் கிடைக்கின்றன. 'சாஃப்ட் குளோஸ்' என்று பெயர். கதவைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் போதும். வேகமாக வரும் கதவு, கடைசி இரண்டு மூன்று விரற்கடைத் தூரத்தில் தயங்கி, பிறகு மெல்லச் சாத்திக்கொள்ளும்.

நல்ல பொருள்தான். ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கோ, குமுளியிலிருந்து கம்பத்துக்கோ பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த கீல், வீட்டுக் கதவில் பொருந்தாமல் போனால்? மாற்றி வாங்க இன்னொரு நாள் போக வேண்டும். அந்த நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால் கீலின் விலையையே மிஞ்சிவிடும். ஆகவே கடைக்குப் போகும் முன் கதவைப் பார்க்க வேண்டும்.

விஜாகிரி என்றால் கீல்

தமிழில் நாம் கீல் என்பதை மலையாளத்தில் 'விஜாகிரி' என்கிறார்கள். போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பாலக்காட்டுக் கடையில் "விஜாகிரி" என்று மட்டும் கேட்டால், இரண்டு தகடும் நடுவில் ஓர் ஊசியும் உள்ள பழைய கீலை எடுத்து வைப்பார்கள். நாம் தேடுவது அதுவல்ல. கதவின் உட்புறத்தில் வட்டமாகக் குடைந்து, கிண்ணம் போன்ற பகுதியை அதில் பதித்து, வெளியே தெரியாமல் மாட்டும் கீல். கடைக்காரர்கள் இதை 'ஆட்டோ ஹிஞ்ச்' என்பார்கள். அதிலேயே மெதுவாகச் சாத்துவது, சாதாரணமாகச் சாத்துவது என இரண்டு வகை உண்டு. "சாஃப்ட் குளோஸ்" என்று சேர்த்துச் சொன்னால்தான் சரியான பொருள் கைக்கு வரும்.

உள்ளே என்ன இருக்கிறது?

அலுவலக வாசற்கதவின் உச்சியில் ஒரு நீளப் பெட்டியும் மடக்குக் கையும் இருப்பதைப் பார்த்திருக்கலாம். அதன் தம்பிதான் இது. கீலுக்குள் விரல் நுனி அளவில் ஓர் உருளை. அதற்குள் எண்ணெயும் ஒரு சிறு தண்டும். கதவு சாத்த வரும்போது தண்டு உள்ளே அழுந்துகிறது. எண்ணெய் ஒரு நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் அந்தப் பக்கம் போக முடியும். அவசரப்பட்டால் வழிவிடாது. அதனால் கதவின் வேகம் அடங்குகிறது. கடைசியில் கதவை இழுத்துச் சாத்துவது கீலில் உள்ள வில்.

ஆஸ்திரியா நாட்டில் ஜூலியஸ் புளூம் என்பவர் 1952-ல் குதிரை லாடத்தில் பொருத்தும் குமிழ் ஆணி செய்யத் தொழில் தொடங்கினார். அந்த நிறுவனம் பிறகு அலமாரிக் கீலுக்குப் பெயர் பெற்றது. மெதுவாகச் சாத்தும் அமைப்பை 2001-ல் அது சந்தைக்குக் கொண்டு வந்தது. இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன.

இரண்டு ஊர், இரண்டு வியாதி

கீலை மாற்றும் முன் கதவு ஏன் கெட்டது என்று பார்க்க வேண்டும். பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் கதவுக்கு வரும் வியாதி ஒன்றல்ல.

மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோ மீட்டருக்கு மேல் அகலமான இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வேகமாக வீசும். மாசி, பங்குனியில் வெயில் கொளுத்தும். மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். திருகாணி பிடித்திருந்த துளை தளர்ந்து கதவு தொங்கிவிடும்.

பீர்மேடு, வண்டிப்பெரியாறு, தேவிகுளம் பக்கம் கதை வேறு. ஆனியில் தொடங்கும் மழையும் பனிமூட்டமும் மாதக் கணக்கில் நீடிக்கும். மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்துக் கதவு சட்டத்தில் சிக்கும். இரும்புக் கீல் துருப்பிடிக்கும். இடுக்கியிலேயே மறையூர் மழை மறைவுப் பகுதி. அங்கே பாலக்காட்டு நிலைமை ஓரளவு உண்டு.

மரம் நீளவாக்கில் அதிகம் நீளாது. அகலவாக்கில்தான் பருக்கும், சுருங்கும். எனவே மழைக்காலத்தில் சிக்கும் கதவை உடனே இழைப்புளி போட்டுச் சீவிவிடக் கூடாது. வெயில் காலத்தில் விரலளவு இடைவெளி தெரியும். மழையும் வெயிலும் மாறும் நடுக் காலத்தில் அளவு பார்ப்பதே சரி.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒருமுறை தண்ணீரில் ஊறிப் பருத்தால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. திருகாணியும் அதில் நிற்காது. அப்படிப்பட்ட கதவுக்கு விலையுயர்ந்த கீல் போடுவது வீண் செலவு. பலகையைத்தான் மாற்ற வேண்டும். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் ஏற்றது.

ஜீரோ, எட்டு, பதினாறு

கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த கிராங்க்?" என்பது. கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதையே அப்படிச் சொல்கிறார்கள். கதவு அலமாரியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அலமாரியின் பக்கப் பலகை விளிம்பு முழுவதையும் கதவு மூடினால் ஜீரோ கிராங்க்.

நடுவில் உள்ள ஒரே பலகையை இருபுறத்துக் கதவுகளும் பாதிப் பாதி பங்கிட்டுக்கொண்டால் எட்டு.

கதவு சட்டத்துக்குள்ளேயே அடங்கி, முகப்போடு சமமாக நின்றால் பதினாறு.

கேரளத்துப் பழைய சமையல் அறைகளில் மேடைக் கல்லுக்கு அடியில் மரச்சட்டம் பதித்து அதற்குள் கதவு மாட்டியிருப்பார்கள். அத்தகைய வீட்டுக்கு ஜீரோ கீலை வாங்கிப் போனால் கதவு சட்டத்தில் இடிக்கும்.

இன்னொன்று: இந்தக் கீலின் அடித்தகடு அலமாரியின் பக்கச் சுவரில் திருகப்படுவது. அந்தப் பக்கம் செங்கல்லோ சிமென்டோ ஆக இருந்தால் அதில் நேராகத் திருக முடியாது. முதலில் ஒரு மரச்சட்டத்தைச் சுவரோடு சேர்த்து இறுக்க வேண்டும்.

கையில் என்ன கொண்டு போவது?

வீட்டில் ஏற்கெனவே கிண்ணக் கீல் இருந்தால் வேலை எளிது. ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதே நல்ல வழி. குழியின் விட்டம் பெரும்பாலும் 35 மி.மீ. இருக்கும்; 26 மி.மீ. குழியும் உண்டு. கிண்ணத்தின் இரு திருகாணித் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் கீலுக்குக் கீல் மாறும். பழைய துளையிலேயே புதியது உட்கார வேண்டுமானால் அதையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கதவின் உயரத்தையும் கனத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். 90 செ.மீ. உயரம் வரை இரண்டு கீல் போதும். அதற்கு மேல் மூன்று.

பழைய இருதகட்டுக் கீல் மாட்டிய கதவானால் புதிதாகக் குழி குடைய வேண்டும். குழி சுமார் 12 மி.மீ. ஆழம் போகும். 18 மி.மீ. கனமுள்ள கதவு அதைத் தாங்கும். 12 மி.மீ. பலகையில் மறுபக்கம் ஓட்டை விழுந்துவிடும். சட்டமும் நடுப்பலகையும் கொண்ட கதவில், ஓரச் சட்டத்தின் அகலம் 50 மி.மீ.க்குக் குறைந்தாலும் குழிக்கு இடம் போதாது.

மழை மிகுந்த மலைப் பகுதிக்கு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள கதவுக்கு மட்டுமாவது அதை வாங்கலாம்.

பொருத்தும் முறை

அடுப்பையும் காஸ் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கீழ்க் கீலை முதலிலும் மேல் கீலைக் கடைசியிலும் கழற்ற வேண்டும். இல்லையென்றால் கதவு காலில் விழும்.

தளர்ந்த திருகாணித் துளையில் பெரிய திருகாணியை ஏற்றுவது பலரின் வழக்கம். அது சில மாதங்களே தாங்கும். துளையைச் சுத்தம் செய்து, செதுக்கிய மரக்குச்சியை மரப் பசை தடவி இறுக்கமாக அடித்து, ஓர் இரவு காய விட்டு, மறுநாள் சிறு துளையிட்டுத் திருக வேண்டும். காற்றடித்துக் கதவு தளர்ந்த பாலக்காட்டு வீடுகளுக்கு இதுவே பாதி வைத்தியம்.

புதுக் குழியானால் 35 மி.மீ. குடையும் அலகு வேண்டும். கதவின் ஓரத்திலிருந்து குழியின் மையம் சுமார் 22 மி.மீ. தள்ளி வரும். அலகில் 12 மி.மீ. உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் ஆழம் மீறாது. பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையைத் தச்சரிடம் விடுவதே நல்லது. ஒருமுறை தவறான குழி விழுந்தால் கதவே போய்விடும்.

மாட்டிய பிறகு கதவு கோணலாக நின்றால் கலங்க வேண்டாம். கீலிலேயே திருத்தும் திருகாணிகள் உண்டு. முன்னால் உள்ளது கதவை இடம் வலமாக நகர்த்தும். பின்னால் உள்ளது உள்ளும் வெளியுமாக நகர்த்தும். அடித்தகட்டின் திருகாணிகளைத் தளர்த்தினால் மேலும் கீழும் நகர்த்தலாம். கால் சுற்று திருகி, கதவைச் சாத்திப் பார்த்து, மறுபடி திருக வேண்டும்.

குறைந்த செலவில்...

கீலை மாற்றாமலே சத்தத்தைக் குறைக்க 'டேம்பர்' என்ற சிறு உருளை தனியாகக் கிடைக்கிறது. சட்டத்தில் பொருத்தினால் கதவு அதன் மேல் மெல்ல வந்து அமரும். ஆனால் வில் உள்ள கிண்ணக் கீலுக்கு மட்டுமே இது உதவும். வில் இல்லாத பழைய கீலில் வைத்தால் கதவு முழுவதும் சாத்தாமல் சற்றுத் திறந்தே நிற்கும். அந்தக் கதவுகளுக்குச் சைக்கிள் டியூபை நறுக்கிச் சட்டத்தின் மூலைகளில் ஒட்டினாலே "டமார்" பாதி அடங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

கீல் கிறீச்சிட்டால் சமையல் அறையில் இருக்கும் தேங்காய் எண்ணெயை விடுவது வழக்கம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மூணாறு, தேவிகுளம் குளிரில் உறைந்து, தூசியைப் பிடித்து, கீலை இறுக்கும். பழைய கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மெதுவாகச் சாத்தும் கீலின் உருளைக்கு எந்த எண்ணெயும் விட வேண்டியதில்லை. கடுங்குளிரில் அதன் உள்ளெண்ணெய் சற்று இறுகிக் கதவு இன்னும் தாமதமாகச் சாத்தலாம். அது பழுது அல்ல. பொறுமையில்லாமல் கதவை அழுத்தித் தள்ளினால்தான் பழுது வரும்.

சொந்த வீடு இல்லாதவர்களுக்கு

எல்லைப் பகுதித் தமிழர்களில் பலர் இருப்பது வாடகை வீட்டில், அல்லது தோட்டம் தந்த லயத்தில். தொழிலாளிக்கு வீடு தருவதையும் அதைப் பழுது பார்ப்பதையும் நிர்வாகத்தின் கடமையாக 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. எனவே அலமாரி தோட்டத்தின் உடைமையானால், கைக்காசைச் செலவழிக்கும் முன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்பது நல்லது. வேலை ஓய்வுக்குப் பின் விட்டுப் போக வேண்டிய வீட்டில் குழி குடைந்து பணம் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

வாடகை வீட்டில் ஏற்கெனவே கிண்ணக் கீல் இருந்தால் கவலை இல்லை. கழற்றிய பழைய கீல்களையும் திருகாணிகளையும் ஒரு பொட்டலத்தில் கட்டி வைத்துக்கொள்ளலாம். காலி செய்யும் நாளில் பழையதை மாட்டிவிட்டுப் புதியதை எடுத்துப் போகலாம். புதிதாகக் குடைய வேண்டுமானால் வீட்டுக்காரரின் சம்மதம் முதலில் வேண்டும். குடைந்த குழியைக் கழற்றி எடுத்துப் போக முடியாது. முன்பணத்தில் பிடித்துக்கொண்டால் பேச வழியிருக்காது.

எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும் என்பதில்லை. அதிகம் திறந்து சாத்தும் கதவு ஒன்றை, அல்லது அடுத்த வீட்டுச் சுவரில் மோதும் கதவை முதலில் மாற்றலாம். அது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டி ஒழுங்காகச் சாத்தினால் மற்றவற்றுக்குப் பணம் எடுத்து வைக்கலாம்.