நந்தினி வில்லியா... பாதிக்கப்பட்டவளா?

'பொன்னியின் செல்வன்' ரசிகர்களிடம் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அது நந்தினியைப் பற்றியது!

1950-ல் தொடங்கிய தொடருக்காகக் கல்கி படைத்த கற்பனைப் பாத்திரம் அவள். சோழர் குலத்தையே பழிவாங்கத் துடிக்கும் பழுவூர் இளையராணி. 'வில்லி' என்று முடித்துவிடலாம்தான். ஆனால், காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனை விட்டுவிடும்படி அவள் கெஞ்சியும், அவள் கண்ணெதிரே ஆதித்த கரிகாலன் தலையைக் கொய்தானே, அந்தக் கோபம் நியாயமில்லையா என்கிறது ஒரு தரப்பு. மணிரத்னத்தின் படங்களில் (2022, 2023) ஐஸ்வர்யா ராயின் நடிப்பு இவர்களுக்குக் கூடுதல் பலம்.

அவளை நம்பிய பெரிய பழுவேட்டரையர் என்ன பாவம் செய்தார் என்று மடக்குகிறது எதிர்த்தரப்பு.

கரிகாலனைக் கொன்றது யார் என்பதையே உடைத்துச் சொல்லாத கல்கி, நந்தினிக்கும் தீர்ப்பு எழுதவில்லை. அதனால்தான் வழக்கு இன்னும் நடக்கிறது.

நீங்கள் எந்தப் பக்கம்?