இருளர் மொழி

நுழையும்முன்
வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பேசும் மாணவர்கள் நம்மிடையே பலர். அத்தகைய குழந்தைகள் அட்டப்பாடி மலையிலும் உள்ளனர். அவர்களுடைய மொழியை இப்பாடத்தில் அறிவோம்.

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த மலைப்பகுதி அட்டப்பாடி. இங்குப் பவானியாறும் சிறுவாணியாறும் பாய்கின்றன. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். அவர்களுள் இருளரே மிகுதியானவர். எல்லைக்கு அப்பால் கோயம்புத்தூர், நீலகிரி மாவட்டங்களிலும் இருளர் மொழி பேசுவோர் உள்ளனர்.

இருளர் மொழியைத் தமிழின் கொச்சை வடிவம் எனச் சிலர் கருதுவர். அது சரியன்று. அது தமிழோடு நெருங்கிய உறவுடைய தனித் தென்திராவிட மொழி. தமிழ் எழுத்துகளால் நேராகக் குறிக்க இயலாத உயிரொலிகள் சில அதில் உள்ளன. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் அம்மொழியை ஆராய்ந்து 1973 முதல் நூல்கள் வெளியிட்டார்.

இம்மொழிக்கெனத் தனி எழுத்து இல்லை. தமிழ் எழுத்திலோ மலையாள எழுத்திலோ அதனை எழுதுவர். எனினும், எழுத்தில்லாத மொழி அறிவில்லாத மொழி ஆகாது. அட்டப்பாடியில் ஒவ்வோர் ஊருக்கும் மூப்பன் தலைவர். விதைப்புக்குரிய சடங்குகளை நடத்துபவர் மண்ணுக்காரன். இத்தகைய சொற்கள் மறைந்தால் அவற்றோடு பிணைந்த வாழ்க்கை முறையும் மறைந்துவிடும்.

அக்குழந்தைகள் பள்ளியில் சேரும்போது பாடமொழி புதிதாக இருக்கிறது. ஆசிரியர் கூறுவது விளங்காமையால் சிலர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். இக்குறையைப் போக்கக் கேரளத்தில் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தும் முயற்சி நடைபெறுகிறது. வயநாட்டில் 2017இல் தொடங்கிய 'கோத்ரபந்து' திட்டம் அத்தகையது.

அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா, 2020இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்னும் மலையாளத் திரைப்படத்தில் இருளர் மொழிப் பாடல் ஒன்றைப் பாடினார். அதற்காக 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். அதனால் அம்மொழியின் பெயரைப் பலர் முதன்முறையாக அறிந்தனர்.

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் நாஸ்காப்பி என்னும் மொழி வழங்குகிறது. அதனைப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், அங்குக் குழந்தைகள் அதனை வீட்டில் பேசுகின்றனர், பள்ளியிலும் படிக்கின்றனர். ஆகவே அது இன்றும் வாழ்கிறது. பேசுவோர் தொகையைவிட, குழந்தைகள் பேசுகின்றனரா என்பதே ஒரு மொழியின் வாழ்வை முடிவு செய்கிறது. இருளர் மொழிக்கும் நம் வீட்டுத் தமிழுக்கும் இது பொருந்தும்.

சொற்பொருள்
கொச்சை – திருத்தமில்லாத பேச்சு
பிணைந்த – இணைந்த
அமர்த்துதல் – பணியில் நியமித்தல்

பயிற்சி
1. இருளர் மொழியைத் தமிழின் கொச்சை வடிவம் எனக் கூறுவது ஏன் தவறு?
2. வழிகாட்டி ஆசிரியர்கள் பழங்குடிக் குழந்தைகளுக்கு எவ்வாறு துணைபுரிவர்?
3. உம் வீட்டுப் பெரியோர் வழங்கும், பாடநூலில் காணாத ஐந்து சொற்களைக் கேட்டு, பொருளுடன் எழுதுக.