மாட்டுக்கு ஒரு காலண்டர்

மளிகைக் கணக்கு எழுதுகிறீர்கள். சலவைக் கணக்கு எழுதுகிறீர்கள். பால் வராத நாளைக் காலண்டரில் மறக்காமல் சுழித்து வைக்கிறீர்கள். பால் வாங்குகிற வீட்டிலேயே இத்தனை கணக்கு என்றால், பசுவைக் கட்டிப் பிழைக்கிற வீட்டில் எத்தனை கணக்கு வேண்டும்! பல வீடுகளில் அதுதான் இல்லை.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கொட்டிலில் ஒரே ஒரு கலப்பினப் பசு. மருமகளின் வளையலை அடகு வைத்து வாங்கியதாம்.

"கன்று போட்டு எட்டு மாசமாச்சு. இன்னும் சினை நிற்கவில்லை. ராசியில்லாத மாடு! சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான்" என்றார் மாமியார்.

"இன்னும் ஒரு மாசம் பொறுங்கள், அத்தை" என்றாள் மருமகள். அவள் நம்பியது ராசியை அல்ல; சுவரில் தொங்கிய காலண்டரை!

விஷயம் இதுதான். பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அது நீடிப்பதோ 12 முதல் 18 மணி நேரம். பல சமயம் ஊர் உறங்கும் இரவிலோ விடியற்காலையிலோ தொடங்கிவிடும். கோடை நாளில் சில மாடுகள் கத்தக்கூடச் செய்யாது. கவனிக்காமல் விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். தீவனச் செலவு நாளுக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, 3,150 ரூபாய் போச்சு! குற்றம் மாட்டின் ராசியிலா, நம் கண்ணிலா?

மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? கடைசியாக மாடு கத்திய தேதியைச் சுழித்து வைத்தாள். அதிலிருந்து 18-ஆம் நாள் தொடங்கி, விடியற்காலையிலும் இரவு படுக்கப் போகுமுன்னும் கொட்டிலை எட்டிப் பார்த்தாள். ஒரு நாள் விடியும் வேளையில் மாட்டிடம் கண்ணாடி போல் வழும்பு தொங்கியது. அன்று மாலையே சினை ஊசி போடச் செய்தாள். காலையில் கண்டால் மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை, இதுதான் கணக்கு. இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் நிற்கவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

காலண்டரின் வேலை அதோடு முடியவில்லை. பசுவின் கர்ப்பகாலம் சுமார் 280 நாள். ஜனவரி 10-ஆம் தேதி ஊசி போட்டால், அக்டோபர் 17-ஐ ஒட்டிக் கன்று. அதற்கு 60 நாள் முன்னதாக, ஆகஸ்டு நடுவில், கறப்பதை நிறுத்திவிட வேண்டும். 'இரண்டு மாசப் பால் நஷ்டமாயிற்றே' என்று ஆசைப்பட்டுக் கறந்தால், மடிக்கு ஓய்வு ஏது? அடுத்த ஈற்றில் பால் குறைந்துவிடும்.

இனி, பட்டணத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சீம்பால் கிடைத்தால் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேக வைக்க நமக்கெல்லாம் ஆசைதான். ஆனால் முதல் பங்கு கன்றுக்கு! நோயைத் தடுக்கும் சக்தி தாயின் வயிற்றிலிருக்கும்போது கன்றுக்கு வந்து சேர்வதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் கன்றின் குடலோ ஒரே நாளில் கதவைச் சாத்திவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திராமல், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாள் இரண்டரை லிட்டராவது வேண்டும். மிஞ்சினால் நமக்கு!

மூன்று மாதம் கழித்து விசாரித்தேன். டாக்டர் பார்த்து, சினைதான் என்று சொல்லிவிட்டாராம். மாமியார் இப்போது வருகிறவர்களிடமெல்லாம் என்ன சொல்கிறார் தெரியுமா?

"எங்கள் மாடு ரொம்ப ராசியான மாடு!"