பழைய மடக்குக் கத்தி: பளபளப்பாக்கலாமா, அப்படியே விடலாமா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மடக்குக் கத்தி ஒன்று கண்ணில் பட்டது, வாங்கியாச்சு. வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுக்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க!

முதலில் பிளேடு பிடியோடு சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். தயாரித்தவரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் தெரிந்தால், அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் முத்திரை. உப்புத்தாள் போட்டால் முதலில் அழிவது இதுதான். சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் அதோடு போச்சு.

அடுத்து, கறையா துருவா? ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை உருவாக்கியது 1913-ல். அதற்கு முந்தைய கத்திகள் கார்பன் ஸ்டீல். அதில் படிந்திருக்கும் சாம்பல், கருநீல நிறம் அழுக்கு இல்லை; துருவை ஓரளவு தடுப்பதே அதுதான். விட்டுடுங்க. செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு, அது அரிச்சுக்கிட்டே போகும். தையல் மெஷின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, ரொம்ப மெல்லிய ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தேய்த்தால் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்குப் பிடிக்கும்.

சாணைச் சக்கரம்தான் பெரிய ரிஸ்க். பொறி பறக்கப் பறக்க ஓரம் சூடேறினால் இரும்பின் பதம் போயிடும்; அப்புறம் கூர் நிற்காது. சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தீட்டுங்கள்.

முத்திரையும் இல்லை, மாம்பழம் நறுக்கத்தான் வேணும்னா தாராளமா புதுசாக்கிக்கலாம்.

பிடி யானைத் தந்தமோ, மான்கொம்போ என்று சந்தேகம் வந்தால் மட்டும் வாங்காமலே வந்துடுங்க. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.