கணினி வந்தால் போதுமா? விசைப்பலகை யார் கையில்?

நீலகிரி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 32 சதவீதம் பேர் பட்டியலினத்தவர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அவர்களில் பலரின் வாழ்க்கை தேயிலையோடு பிணைந்தது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கப்பட்ட அரசுத் தோட்டங்களே இன்றைய ‘டேன்டீ’. அந்தக் குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறைகள் லயன் வீடுகளிலேயே வளர்கின்றன. கொழுந்துக் கூடையை இறக்கி வைக்க அவர்களுக்கு இருக்கும் வழி படிப்புதான்.

அந்தப் படிப்பில் இன்று கணினி அறிவியலும் உண்டு. பிளஸ் 2 பாடத்தில் பைத்தான் வந்துவிட்டது. ஆனால், 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டின் நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 சதவீதத்திடம் கணினி இருந்தது. கிராமப்புறத்தில் வெறும் 4.4 சதவீதம். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பெரும்பாலும் பள்ளிக் கணினிதான் முதல் கணினி.

பள்ளிக்குக் கணினி வந்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் மூன்று பள்ளிகளை ஆராய்ந்த ஜேன் மார்கோலிஸ், 2008-ல் வெளியான நூலில் இதைக் காட்டினார். கணினிகள் நிறைந்த பள்ளியிலும் கறுப்பின, லத்தீன் மாணவர்களுக்குத் தட்டச்சு போன்ற அடிப்படைகளே கற்பிக்கப்பட்டன. ‘நிரல் எழுதுவது இவர்களுக்கு வராது’ என்ற நினைப்பே காரணம். அவருடைய குழு பிறகு புதிய பாடத்திட்டத்தோடு ஆசிரியர் பயிற்சியையும் உருவாக்கியது.

நம் ஊரில் அந்த நினைப்பு சாதியின் பெயரால் வருகிறது. வீட்டில் கணினி பழகிய பிள்ளை விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டால், எஸ்டேட் பிள்ளை பின்னால் நின்று பார்க்கும். பழக்கத்தைத் திறமை என்று ஆசிரியர் எண்ணிவிட்டால் அந்தப் பிள்ளையின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஆசிரியர் பயிற்சி இங்கேதான் தொடங்க வேண்டும். எல்லோரும் முறைவைத்து விசைப்பலகையில் உட்கார வேண்டும். தமிழில் விளக்க வேண்டும். நியூசிலாந்தில் டிம் பெல் குழுவினர் செய்ததுபோல, இரும எண்களை அட்டைகளை வைத்தே கற்பிக்கலாம், மின்சாரமும் வேண்டாம். செய்முறை வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். யானை நடமாடும் கூடலூர், பந்தலூர் பாதைகளில் இருட்டியபின் எந்தப் பிள்ளை வீடு திரும்பும்?

கூடலூரின் எல்லைக்கு அப்பால் கேரளம் 2001-லேயே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, கட்டற்ற மென்பொருளில், தாய்மொழியில் கற்பித்தது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் தோட்டத்துத் தாய்மார்கள் கேட்கட்டும்: “கணினி அறையில் எங்கள் பிள்ளை இந்த வாரம் எத்தனை முறை விசைப்பலகையைத் தொட்டது?”