ஓய்ந்ததும் தணிந்ததும்



குறைதல் என்ற ஒரு கருத்தை உணர்த்தத் தமிழிலே எத்தனை சொற்கள் உள்ளன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? மழை ஓய்கிறது. வெள்ளம் வடிகிறது. குளம் வற்றுகிறது. காய்ச்சல் தணிகிறது. புண் ஆறுகிறது. காற்று அடங்குகிறது. நிலவு தேய்கிறது. ஒளி மங்குகிறது. வள்ளம் தாழ்கிறது. இவை எல்லாவற்றையும் 'குறைந்தது' என்ற ஒரே சொல்லால் எழுதிவிட்டாலும் பரீட்சையிலே புள்ளி கிடைத்துவிடும். ஆனால் இச்சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வரக்கூடியவைதாமா? மாற்றிப் போட்டால் என்ன கெட்டுவிடும்? இவ்வினாவுக்கு எனக்கு விடை தந்தவள் என் மாணவி ஒருத்தி. அந்தக் கதையோடு இன்றைய உரையைத் தொடங்குகிறேன்.

பதினோராந் தர மாணவருக்கு 'என் வீட்டில் ஒருவர்' என்ற தலைப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். அம்மாணவி தன் அம்மம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்த 2009ஆம் ஆண்டிலே அவளுடைய மாமா காணாமற்போனார். அம்மம்மா மாலையானால் படலையடியிலே கதிரையைப் போட்டு இருப்பார் என்றும், முன்பெல்லாம் வாய்விட்டு அழுவார் என்றும் எழுதிவிட்டு, 'இப்போது அம்மம்மாவின் அழுகை ஓய்ந்துவிட்டது' என்று முடித்திருந்தாள்.

நான் சிவப்புப் பேனையால் 'ஓய்ந்து' என்பதை வெட்டி, மேலே 'தணிந்து' என்று எழுதினேன். ஓய்தல் மழைக்கும் அலைக்கும் உரியது, துயரத்துக்குத் தணிதலே பொருத்தம் என்பது என் எண்ணம். கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்த அன்று, வகுப்பு முடிந்த பின் அவள் மேசையடிக்கு வந்தாள்.

"சேர், தணிஞ்சதெண்டால் ஆறிப்போச்சு எண்டெல்லோ அர்த்தம்? அம்மம்மாவுக்கு ஆறேல்லை. அவ அழுது களைச்சுப்போனா. அதுதான் ஓய்ஞ்சதெண்டு எழுதினனான்."

நான் விடை சொல்லவில்லை. கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிரவு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைத் திறந்தேன். பண்டிதமணி போன்ற பட்டங்களெல்லாம் பெற்றோரிடம் பாடங் கேட்காத என் போன்ற பட்டதாரி ஆசிரியருக்கு இன்றும் துணை நிற்பது, புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் தம் குறிப்புரையோடு பதிப்பித்த சேனாவரையம். சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலிருந்து 1938இல் வெளிவந்த பதிப்பு அது.

சொல்லதிகாரத்தின் எட்டாம் இயல் உரியியல். யாவரும் அறிந்த சொற்களை விடுத்து, எளிதிலே பொருள் புலப்படாத உரிச்சொற்களுக்கு மட்டும் அவ்வியலிலே தொல்காப்பியர் பொருள் கூறிச் செல்கிறார். அங்கே ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் என்னும் நான்கையும் ஒரே சூத்திரத்துள் வைக்கிறார். அவற்றுக்கு அவர் தரும் பொருள் 'அழிதல்' அன்று, 'இல்லாமற்போதல்' அன்று. முன்னே உள்ளதாகிய ஒரு பொருள் நுணுகி நிற்றல் என்பதே அவர் கருத்து. 'உள்ளது' என்பதை நேயர்கள் அழுத்தி உச்சரித்துப் பார்க்க வேண்டும். பொருள் அங்கேயே இருக்கிறது. அதன் வலிமையோ அளவோதான் மெலிந்திருக்கிறது.

உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்களும் இதனையே வலியுறுத்துகின்றன. ஓய்தலுக்கு அவர்கள் எடுத்துக்காட்டுவது வேனில் வெப்பத்திலே வருந்தித் தளர்ந்த ஒரு களிற்றை. அது இறந்துபடவில்லை, யானை யானையாகவே நிற்கிறது, நடக்கும் வலி மட்டும் அதற்கு இல்லை. நிழத்தலுக்கும் ஒரு யானையே உதாரணம். சாய்தலுக்கு நக்கீரரின் நெடுநல்வாடையிலிருந்து ஒரு காட்சி வருகிறது. மழைக்காலத்தின் கடும்பெருக்கு மெலிந்து, கயல்கள் நீரை எதிர்த்து நீந்தக்கூடிய அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆறு போய்விடவில்லை, அதன் வேகமே சாய்ந்தது. ஆய்த எழுத்துக்கு அப்பெயர் வந்ததும் இந்த நுணுக்கப் பொருளால் என்பர். நுணுகிய ஓசையாயினும் அதுவும் ஓர் ஓசையே அன்றோ?

இந்நான்கனுள் நிழத்தல் ஏட்டோடு நின்றுவிட்டது. ஆய்தலும் சாய்தலும் வேறு பொருள்களிலேயே இன்று பெரிதும் வழங்குகின்றன. ஓய்தல் ஒன்றே பழைய பொருளோடு நம் வாயிலே வாழ்கிறது. வெப்பத்திலே தளர்ந்த களிற்றுக்கு உரையாசிரியர் பொருத்திய சொல்லை, அழுது களைத்த அம்மம்மாவுக்கு ஒரு மாணவி பொருத்தியிருக்கிறாள். வெட்டியவன் நான்!

இனித் தணிதலை நோக்குவோம். தாகம் தணிகிறது, பசி தணிகிறது, சினம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தணிக்கின்ற பொருள் ஒன்று வேண்டும். தாகத்துக்கு நீர், பசிக்குச் சோறு, காய்ச்சலுக்கு மருந்து, சினத்துக்கு ஒரு நியாயமோ நல்ல வார்த்தையோ. கேட்டது கிடைத்த பின்னரே தணிதல் நிகழும். ஓய்தலுக்கு இவ்வாறான துணை எதுவும் வேண்டியதில்லை. பெய்து பெய்து மழை ஓயும். அழுது அழுது கண் ஓயும். தன் வலிமை தீர்ந்தமையால் நிற்பது ஓய்தல். தன் வேண்டுதல் நிறைவேறியமையால் நிற்பது தணிதல். ஆறுதலும் தணிதலின் இனமே. தேநீர் ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். ஓய்வுபெற்ற அதிபரை இளைப்பாறிய அதிபர் என்றும் நாம் எழுதுகிறோம். முன்னையது பணி நின்றதைச் சொல்கிறது. பின்னையது பணியால் வந்த இளைப்பு ஆறியதைச் சொல்கிறது.

முருகப் பெருமான் போர் முடித்துச் சினம் தணிந்து அமர்ந்த தலம் திருத்தணிகை என்பது மரபு. அதனைச் செருத்தணி என்றும் வழங்குவர். செரு என்றால் போர். அத்தலத்துக்குச் 'செரு ஓய்ந்த இடம்' என்று பெயர் வழங்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. படை களைத்தால் செரு ஓயும். அதனை மூட்டிய சினம் நீங்கினாற்றான் செரு தணியும். இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை இந்நாட்டிலே வாழும் நமக்கு எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எதனாற் குறைந்தது என்பது போலவே, எங்கே போயிற்று என்பதும் நம் சொற்களிலே அடங்கியிருக்கிறது. நீரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்தது என்றால் அது வேறோரிடத்துக்கு ஓடிவிட்டது. குளம் வற்றியது என்றால் இருந்த இடத்திலேயே குறைந்தது. கடலிலே வற்றும் பெருக்கும் மாறி மாறி வருவதால் அதனை வற்றுப்பெருக்கு என்கிறோம். தோட்டத்திலே பாய்ச்சிய நீர் சுவறியது என்றால் மண்ணுக்குள் இறங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தைத் தெரிந்தவர்களுக்குச் சுவறுதலின் அருமை தெரியும். மாரியிலே சுவறிய நீரையே கோடையிலே கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். சுவறிய நீரை 'வற்றியது' என்று எழுதுகிறவன், நிலத்துக்குள் இருக்கும் நீரை இல்லை என்று சொல்கிறவன் ஆகிறான்.

அமிழ்தலைக் குறிக்கும் சொற்களிலும் இந்த நுட்பம் உண்டு. முழுகுதல் மனிதன் விரும்பிச் செய்வது. முழுகி எழும்பி ஈரந் துவட்டலாம். ஆழ்தல் உள்ளத்துக்கும் உரியது. இறைவனிடத்தில் ஆழ்ந்தவர் ஆழ்வார். நம் கரையோர வழக்கிலே வள்ளம் 'தாண்டு போச்சு' என்றால் நெஞ்சு திடுக்கிடும். தாழ்தலின் வழக்குருவம் அது. மண்ணிலே புதைப்பதைத் 'தாட்டல்' என்பதும் அச்சொல்லின் வழி வந்ததே எனலாம். தாண்டு போனதும் தாட்டதும் தாமாக மேலே வருவதில்லை.

மூன்றாவதாக, மீளுமா என்ற வினா. தேய்பிறைக்குப் பின் வளர்பிறை உண்டு. தேய்ந்த சந்தனக்கட்டை வளர்வதில்லை. சொல் ஒன்றாயினும் சார்ந்த பொருளால் முடிவு வேறாகிறது. விளக்கை அணைப்பதை யாழ்ப்பாணத்திலே 'நூர்த்தல்' என்போம். 'விளக்கை நூர்த்துப்போட்டுப் படு' என்று சொல்லாத தாய் முன்னர் இல்லை. நூர்ந்த விளக்கு மறுநாட் பொழுதுபடும்போது மீண்டும் ஏற்றப்படும். ஒடுங்குதலுக்கோ இன்னும் ஆழமான பொருள் உண்டு. சைவ சித்தாந்தம் உலகுக்குத் தோற்றம், நிலை, ஒடுக்கம் என மூன்றைக் கூறும். ஒடுக்கம் என்பது பாழாதல் அன்று. எதனிடத்திலே ஒடுங்கிற்றோ அதனிடத்திலிருந்து உலகம் மீளத் தோன்றும் என்பது அதன் கொள்கை. உள்ளது இல்லாமற்போவதில்லை, நுண்ணிதாகி நிற்கும் என்ற கருத்து அங்கேயும் தொடர்கிறது.

இவற்றையெல்லாம் மாணவர் மனனம் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள் அன்று. எழுதுமுன் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டால் போதும். எதனாற் குறைந்தது? எங்கே போயிற்று? மீளுமா? இவற்றுக்கு விடை தெரிந்தால் சொல் தானே வந்து நிற்கும். விடை தெரியாமல் 'குறைந்தது' என்று எழுதினால் அளவு மட்டும் தெரியும், நடந்தது தெரியாது. ஒரு தாயின் கண்ணீர் நின்றதைக் கண்டு 'தணிந்தது' என்று எழுதிவிட்டால், அவள் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது என்று நாமே முடிவு கட்டியவர்கள் ஆவோம். அவளுக்கு விடை கிடைக்கவில்லை. படலையடியிலே கதிரை இன்னும் போடப்படுகிறது. அழுகை நுணுகி நிற்கிறது, அவ்வளவே.

மறுநாள் அம்மாணவியின் கொப்பியிலே நான் எழுதிய 'தணிந்து' என்பதை வெட்டினேன். அவள் எழுதிய சொல்லின் கீழே கோடிட்டு, 'இதுவே சரி. பிழை என்னுடையது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"அம்மம்மாட்டக் காட்டட்டோ சேர்?" என்று கேட்டாள்.

"காட்டு பிள்ளை" என்றேன்.

நேயர்களே, உங்கள் வீட்டு முதியவர்கள் குறைதலுக்கு வழங்கும் சொற்கள் இன்னும் எத்தனையோ இருக்கும். அவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். திருத்துவதற்கு முன்னர் ஒருமுறை பொருள் கேளுங்கள்.