சிலந்திக் கண்ணில் ஒரு தொலைநோக்கி

சுவரில் அமர்ந்திருக்கும் ஈயை நோக்கிப் பதுங்கிப் பதுங்கிச் சென்று, திடீரெனப் பாய்ந்து பிடிக்கும் சிறு சிலந்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலை பின்னி இரைக்குக் காத்திருக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. ஈப்புலி என்று மிகப் பொருத்தமாகத் தமிழில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விலங்கியலார் இதைத் தாவும் சிலந்திக் குடும்பத்தில் சேர்ப்பர். 6,000க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட மிகப் பெரிய குடும்பம் அது. அதிலுள்ள ஒரு பேரினத்தைப் பற்றித்தான் இங்கே காணப்போகிறோம். அதன் பெயர் போர்ஷியா. இந்தப் புலி ஈயைவிட மற்றச் சிலந்திகளையே விரும்பி வேட்டையாடுகிறது!

1878ஆம் ஆண்டில் கார்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்பேரினத்துக்குப் பெயர் சூட்டினார். இன்று இதில் சுமார் 20 இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று கண்டங்களின் வெப்பப் பகுதிகளில் இவை வாழ்கின்றன. லேபியாட்டா என்ற இனம் இலங்கை, இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை பரவியுள்ளது. உடலின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போவது அரிது. உடலெங்கும் குஞ்சம் குஞ்சமாக மயிர் இருப்பதால், அசையாமல் இருக்கும்போது வலையில் சிக்கிய சருகுத் துண்டு என்றே தோன்றும்.

சிலந்தியைச் சிலந்தி பிடிப்பது எளிய காரியமன்று. வலைச் சிலந்திக்கும் நச்சுப் பற்கள் உண்டு. சில வேளைகளில் அது போர்ஷியாவைவிட இருமடங்கு பெரிதாகவும் இருக்கும். வேட்டையாட வந்தவரே விருந்தாகிவிடக் கூடும்! எனவே எதிரே இருப்பது யார், எந்தத் திசையைப் பார்த்துக் கொண்டிருக்கிறார் என்பதைத் தொலைவிலிருந்தே தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்குக் கூரிய பார்வை தேவை. இவ்வளவு சிறிய தலைக்குள் அத்தகைய கண்ணை வைப்பது எப்படி? கேள்வி விலங்கியலைச் சேர்ந்ததுதான். ஆனால் விடை என் பாடமான பௌதிகத்தில் இருக்கிறது.

ஒரு கண்ணின் கூர்மையை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன என்பது. மற்றொன்று, லென்சின் குவியத் தொலைவு. செல்களின் இடைவெளியைக் குவியத் தொலைவால் வகுத்தால், கண்ணால் பிரித்தறியக் கூடிய மிகச் சிறிய கோணம் கிடைக்கும். நம் கண்ணில் செல் இடைவெளி சுமார் 2.5 மைக்ரான், குவியத் தொலைவு 17 மில்லிமீட்டர். கணக்கிட்டால் கோணம் ஏறத்தாழ 0.008 டிகிரி வரும்.

சிலந்தியின் தலைக்குள் 17 மில்லிமீட்டருக்கு எங்கே போவது? செல்களை இன்னும் நெருக்கி அடுக்கலாமே என்பீர்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒளியின் அலைநீளமே சுமார் அரை மைக்ரான். செல்கள் ஒரு மைக்ரானைவிட மிகவும் மெலிந்தால், ஒரு செல்லுக்குள் புகுந்த ஒளி பக்கத்துச் செல்லுக்குள் கசிந்துவிடும். படம் கலங்கிப் போகும். போர்ஷியாவில் செல் இடைவெளி 1.4 மைக்ரான். ஆக, மிஞ்சியிருக்கும் ஒரே வழி குவியத் தொலைவை எப்படியாவது நீட்டுவதுதான்.

கலிலியோ செய்த தொலைநோக்கியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முன்னால் ஒரு குவிலென்சு, பின்னால் ஒரு குழிலென்சு. குவிந்து வரும் கதிர்களைக் குழிலென்சு சற்று விரித்துவிடுவதால் பிம்பம் பெரிதாகிறது. புகைப்படக்காரர்களின் டெலிபோட்டோ லென்சிலும் இதே தத்துவம்தான். 1980இல் ஆஸ்திரேலியாவில் வில்லியம்ஸ், மெக்கின்டயர் என்ற இருவர், போர்ஷியாவின் கண்ணிலும் இந்த அமைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தனர். சிலந்திக்குக் கண்கள் எட்டு. அவற்றுள் முன்னால் நேராக நோக்கும் பெரிய கண்கள் இரண்டும் நீண்ட குழாய் வடிவானவை. குழாயின் முன்முனையில் குவிலென்சு. பின்முனையில், விழித்திரைக்குச் சற்று முன்பாக ஒரு சிறு குழிவு. அந்தக் குழிவே குழிலென்சாக வேலை செய்கிறது! இதனால் குவியத் தொலைவு சுமார் 2 மில்லிமீட்டர் ஆகிறது. பழைய கணக்கையே போட்டுப் பாருங்கள், 0.04 டிகிரி வரும். நம் கண்ணைவிட ஐந்து மடங்குதான் மட்டம். பூச்சிகளில் சிறந்த பார்வை படைத்த தட்டானைவிடவோ பத்து மடங்கு மேல். ஒரு சாண் தூரத்தில், இரண்டு தலைமயிர்ப் பருமன் இடைவெளியுள்ள புள்ளிகளை இதனால் தனித்தனியே காண முடியும்.

ஆனால் டெலிபோட்டோ லென்சு பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும், அதில் காட்சிப் பரப்பு மிகக் குறுகியது. போர்ஷியாவுக்கும் அதே கதிதான். சாவித்துவாரம் வழியாக அறையைப் பார்ப்பதுபோல் சிறிது சிறிதாகத்தான் அது பார்க்க வேண்டும். வெளி லென்சு தலையோட்டில் பொருந்தி அசையாமல் நிற்க, ஒவ்வொரு கண்குழாயையும் ஆறு நுண்ணிய தசைகள் உள்ளே இப்படியும் அப்படியும் திருப்புகின்றன. கால் எங்கே, கண் எங்கே என்று துண்டு துண்டாகத் தடவிப் பார்த்துத்தான் எதிரே இருக்கும் உருவத்தை அது தெரிந்துகொள்கிறது. நாம் ஒரு நொடியில் முடிக்கும் வேலைக்கு அதற்கு நீண்ட நேரம் பிடிக்கும். இடம் போதாததற்குக் காலத்தால் விலை கொடுக்கிறது என்று சொல்லலாம். அதன் வேட்டையில் நாம் காணும் அசாத்தியப் பொறுமை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பொறுமையைக் கேளுங்கள். நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜாக்சன் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பிறர் வலையின் ஓரத்தில் வந்து நிற்கும் போர்ஷியா, இழைகளைக் காலால் மீட்டுகிறது. பூச்சி சிக்கித் துடிப்பதுபோன்ற அதிர்வு எழும்பும். வீட்டுக்காரச் சிலந்தி ஏமாந்து அருகே வந்தால் ஆயிற்று. வராவிட்டால் தாளத்தை மாற்றிப் பார்க்கும். பலித்த தாளத்தையே திரும்ப வாசிக்கும். இது மணிக்கணக்கில் நடப்பதுண்டு. காற்று வீசி வலை ஆடும்போது, தன் காலடி அதிர்வு அதில் மறைந்துவிடும் என்பதால், அந்த நேரம் பார்த்து விரைவாக முன்னேறும். 1996இல் ஜாக்சன், வில்காக்ஸ் முதலியோர் சோதனையால் இதை மெய்ப்பித்தனர்.

சில சிலந்திகள் இந்த இசைக்கு மயங்காமல், வலையை உலுக்கி விருந்தாளியை உதறிவிடும். அப்போது போர்ஷியா வலையை விட்டு விலகி, சுற்றுவழியாகச் செடியின் மேல் ஏறி, சொந்த இழையில் தொங்கியபடி இரைக்கு நேராக இறங்கும். வழியில் பெரும் பகுதி இரை கண்ணிலேயே படாது. இருந்தும் பாதை தவறுவதில்லை. ஆப்பிரிக்கானா என்ற இனத்தைக் கொண்டு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. பார்த்த இரைகளின் எண்ணிக்கையை, அவை மறைந்திருக்கும் நேரத்தில் மாற்றி வைத்தால் இது தயங்குகிறது. ஒன்று, இரண்டு என்பது வரை தெளிவாகப் பிரித்தறிகிறது; மூன்றும் அதற்கு மேலும் அதற்குப் ‘பல’.

எல்லா இனங்களும் இதே வித்தைகளைத்தான் காட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பகுதியில் வாழும் ஃபிம்பிரியாட்டாவுக்கு, அங்கே மிகுதியாக உள்ள வேறொரு தாவும் சிலந்தி முக்கிய இரை. அதற்கும் நல்ல கண் உண்டு. ஆகவே ஃபிம்பிரியாட்டா பின்புறமாகவே அணுகுகிறது. இரை திரும்பிப் பார்த்தால் அப்படியே சிலையாகி நிற்கிறது. முகத்தின் முன்னுள்ள உணர்கொம்புகளை மடக்கி ஒளித்துக்கொள்கிறது. வேறு போர்ஷியாக்களிடம் இந்தத் தந்திரம் காணப்படவில்லை.

ஒரே இனத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்ற இடத்தில், பசையை உமிழ்ந்து எதிரியை ஒட்டவைத்துவிடும் துப்பும் சிலந்திகள் வாழ்கின்றன. அவ்வூர் லேபியாட்டா அவற்றின் முகத்தைத் தவிர்த்து, சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து தாக்குகிறது. ஆனால் பெண் துப்பும் சிலந்தி வாயில் முட்டைகளைச் சுமந்திருந்தால் எளிதில் துப்ப முடியாது. அப்போது மட்டும் நேராகவே போகிறது. அந்நாட்டிலேயே சகாடா என்ற மலையூரில் துப்பும் சிலந்தி கிடையாது. அங்குள்ள லேபியாட்டாவுக்கு இந்த நுணுக்கமும் கிடையாது. துப்பும் சிலந்தியைப் பார்த்தே இராதபடி ஆய்வகத்தில் வளர்த்தபோதும் லாஸ் பான்யோஸ் குஞ்சுகள் சுற்றுவழியைத்தான் பிடித்தன.